கம்பெனியார் நடத்திய புயல் சுற்றுலா

அமெரிக்காவில் மே மாதம் பிறந்தால் ஒரு கூட்டம் காசு கட்டிப் புயல் பார்க்கக் கிளம்பிவிடும். ஓக்லஹோமா பக்கம் ஒரு வேன், அதில் ஆறேழு பேர், முன்சீட்டில் ரேடார் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வழிகாட்டி. சில நாள் ஐந்நூறு மைல்கூட வண்டி ஓடும். பெரும்பாலான நாள் வானம் பளிச்சென்று நீலமாக இருந்து மானத்தை வாங்கும். பெட்ரோல் பங்கில் நின்று சிப்ஸ் தின்றுவிட்டு லாட்ஜுக்குத் திரும்ப வேண்டியதுதான். சூறாவளி கண்ணில் படும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. செத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பதற்கு மட்டும் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

இந்தப் பைத்தியத்துக்கு மூத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1755-ல் மேரிலாந்தில் டாஸ்கர் என்ற கர்னலின் பண்ணை வீட்டுக்குக் குதிரையில் போகும்போது, ஒரு சுழல்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, இவர் மட்டும் அதன் பின்னாலேயே குதிரையை விட்டு, கையிலிருந்த சாட்டையால் அதை நாலு சாத்து சாத்தினார். காற்றுக்கு வலிக்கவில்லை. முக்கால் மைல் துரத்திய பிறகு காய்ந்த கிளைகள் முறிந்து பக்கத்தில் விழ ஆரம்பித்ததும் புத்தி வந்து நின்றுவிட்டார். இதெல்லாம் இங்கே அடிக்கடி வருமா என்று கர்னலைக் கேட்டார். வராது, உங்களை உபசரிப்பதற்காகத்தான் வரவழைத்தோம் என்றாராம் கர்னல். சுற்றுலா நடத்துகிறவன் எப்படிப் பேச வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

பிராங்க்ளின் துரத்தியது முக்கால் மைல். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கிழக்கிந்தியக் கம்பெனி துரத்தியது இரண்டு வருஷம். அதுவும் நம் காவேரிப்பட்டினத்திலிருந்து. இங்கே கடலும் இல்லை, காவேரியும் இல்லை. தென்பெண்ணை ஓடுகிறது, சுற்றி மாந்தோப்பு, வடக்கே கிருஷ்ணகிரிப் பாறை. புயலின் பெயர் ஹைதர் அலி. வரலாற்றுப் புத்தகங்கள் இதை முதல் மைசூர்ப் போர் என்று மரியாதையாகக் குறிப்பிடுகின்றன. நடந்ததைப் பார்த்தால் வழிகாட்டியோடு கிளம்பிய ஒரு புயல் சுற்றுலா. எதிர்பார்க்க வேண்டியது எல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது.

முதலில், கூட வருகிறவர்களை நம்பக்கூடாது. 1766-ல் ஹைதராபாத் நிஜாமோடு கம்பெனி ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி கர்னல் ஜோசப் ஸ்மித் படையோடு போய் நிஜாமுடன் சேர்ந்தார். மராத்தியரும் ஒரு பக்கம் வந்தார்கள். மூன்று வேன், ஒரே புயல். ஹைதர் மராத்தியருக்குப் பணம் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். நிஜாமிடமும் பேச்சு வைத்தார். கொஞ்ச நாளில் நிஜாம் இந்த வேனிலிருந்து இறங்கி, நேரே புயலிடமே போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்மித்துக்கு வாசனை முன்னாலேயே அடித்துவிட்டது, சென்னைக்கு எழுதினார். கோட்டையிலிருந்த கவுன்சில் ஐயாக்கள் அதை நம்பவில்லை. இந்த ஸ்மித்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க வானம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வண்டியை எங்கே விடுவது என்று சொன்னதெல்லாம் மற்றவர்கள்.

இதற்குள் கம்பெனிப் படை எங்கள் பக்கத்துப் பாராமகால் சீமையில் நுழைந்து வாணியம்பாடி, காவேரிப்பட்டினம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பாறையை இன்றைக்குப் படிக்கட்டு வழியே சும்மா ஏறினாலே பாதியில் நாக்கு தள்ளும். மேலே இருந்து உருட்டிவிட ஆள் இருக்கும்போது துப்பாக்கியோடு ஏறுவதை யோசித்துக்கொள்ளுங்கள். ஏறிப் பார்த்தார்கள், முடியவில்லை. முற்றுகை என்று பெயர் வைத்துவிட்டுக் கீழேயே காத்திருந்தார்கள். சுற்றுலாவில் முக்கால்வாசி நேரம் இப்படித்தான் போகும்.

1767 ஆகஸ்ட் 25 அன்று ஹைதர் கணவாய் இறங்கினார். வந்ததும் கோட்டையைப் பிடிக்கவில்லை, பீரங்கி முழக்கவில்லை. மேய்ந்துகொண்டிருந்த கம்பெனி மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். பீரங்கி இழுப்பது மாடு, அரிசி சுமப்பது மாடு. மாடு போனால் படை நின்ற இடத்தில் நிற்கும். இதைப் புரிந்துகொள்ள ராணுவக் கல்லூரி வேண்டியதில்லை, எங்கள் சந்தைக்கு ஒரு நாள் வந்தால் போதும். மாட்டை மீட்கப் போன கம்பெனிக் குதிரைப்படை அடி வாங்கிக்கொண்டு திரும்பியது. அடுத்து ஹைதர் காவேரிப்பட்டினத்தைச் சூழ்ந்தார். இரண்டே நாளில் கோட்டை கைமாறியது. புயலைத் தேடி வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு தெற்கே நகர, புயல் பின்னால் வந்தது.

சாப்பாடு விஷயத்துக்கு வருவோம். சுற்றுலாவில் சாப்பாடு, கம்பெனியின் கூட்டாளியான ஆற்காட்டு நவாப் முகம்மது அலி பொறுப்பு. செங்கம் கணவாயில் செப்டம்பர் 3-ம் தேதி ஸ்மித் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையோடு மோதி ஜெயித்தார். ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மூட்டைகளை ஹைதரின் குதிரைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஜெயித்த படை பசியோடு ராத்திரியெல்லாம் நடந்து திருவண்ணாமலைக்குப் போனது. அங்கே நவாப் அரிசி சேர்த்து வைத்திருப்பதாக ஏற்பாடு. போய்ப் பார்த்தால் போதுமானது இல்லை. அண்ணாமலையார் கோயில் வாசலில் அன்னதானத்துக்கு நின்றிருந்தாலாவது ஒரு கவளம் கிடைத்திருக்கும்.

அதே செப்டம்பரில் ஹைதரின் மகன் திப்பு, பதினேழுகூட நிரம்பாத பையன், குதிரைப்படையோடு சென்னைப் புறநகருக்கே போய்விட்டான். கவர்னர், கவுன்சில் பெரிய தலைகள், நவாப் எல்லோரும் தோட்ட வீட்டில் இருந்த நேரம். எதிரே தற்செயலாக ஒரு படகு நின்றிருக்காவிட்டால் அத்தனை பேரும் அன்றைக்கு மாட்டியிருப்பார்கள். புயல் எங்கோ கிருஷ்ணகிரி மலையோரம் இருக்கிறது என்று தைரியமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதல் சாரல் அதுதான்.

மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் பெரிய சண்டை. ஸ்மித் மறுபடி ஜெயித்தார். நிஜாம் ஓட்டம் பிடித்தார். இந்த இடத்தில் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் தன் மைசூர்ச் சரித்திரத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறார். நிஜாம் சண்டை பார்க்கத் தன் மனைவிமார்களையும் யானை மேல் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாராம். நிலைமை மோசமானதும் யானைகளைத் திருப்பச் சொன்னார். ஓர் அம்மாள் அம்பாரிக்குள்ளிருந்து, இந்த யானைக்குத் திரும்பிப் போகப் பழக்கவில்லை, கொடி போகும் பக்கம்தான் இது போகும் என்று சொல்லியனுப்பினாராம். அந்தப் பக்கத்தில் கொடிக்கு முன்னாலேயே நிஜாம்தான் போய்க்கொண்டிருந்தார். 1768 பிப்ரவரியில் அவர் கம்பெனியிடமே வந்து சமாதானம் எழுதிக்கொடுத்தார். இறங்கிய வேனிலேயே மறுபடி ஏறிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எல்லாம் சுகமாக இருந்திருக்க வேண்டும். 1768-ல் காவேரிப்பட்டினம் திரும்பக் கைக்கு வந்தது. கிருஷ்ணகிரி பட்டினியால் பணிந்தது. மேலே ஏறிக் கோலார், ஓசூர் வரைக்கும் போய்விட்டார்கள். அப்போதுதான் சென்னைக் கவுன்சிலுக்கு, இந்த ஸ்மித்தைத் தனியே விட்டால் சரிப்படாது என்று தோன்றியது. கால், மெக்கே என்று இரண்டு பேரைக் கள மேற்பார்வையாளர்களாக அனுப்பினார்கள். இனிமேல் பிடிக்கப்போகும் சீமையெல்லாம் தனக்குத்தான் என்ற நினைப்பில் நவாபும் பரிவாரத்தோடு கூடவே வந்தார். ஒரு வழிகாட்டிக்கு மூன்று முதலாளி. ஸ்மித் மாடு கேட்டார், அரிசி கேட்டார். மேற்பார்வையாளர்கள் பெங்களூரை எப்போது பிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். பத்து மணிக்கு மேல் ஆலைக்கு வந்து, ஷிப்ட் முழுக்க நின்றவனிடம் டார்கெட் கேட்கும் மேனேஜர் இந்தப் பக்கத்துக்கு சிப்காட்டோடு வந்தவர் அல்ல என்பது இதனால் தெரிகிறது.

அந்தச் சமயம் ஹைதரே ஆள் அனுப்பினார். பாராமகாலைக் கொடுத்துவிடுகிறேன், பத்து லட்சம் ரூபாயும் தருகிறேன், போய் வாருங்கள் என்றார். கவுன்சில் பேரம் பேசி இன்னும் இன்னும் என்று கேட்டது. பேச்சு முறிந்தது. இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கவுன்சிலுக்கு எங்கள் ஊரில் ஒரு சிலை வைக்கலாம்.

அக்டோபரில் முல்பாகல் பக்கம் கம்பெனியின் இன்னொரு தளபதி கர்னல் வுட் வசமாக மாட்டிக்கொண்டார். காப்பாற்றியது புரூக் என்ற கேப்டன். காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் வைத்துக்கொண்டு, இரண்டு பீரங்கியைப் பாறை மேல் இழுத்து, சுட்டுக்கொண்டே எல்லோரையும் “ஸ்மித்! ஸ்மித்!” என்று கத்தச் சொன்னார். ஸ்மித் படையோடு வந்துவிட்டார் என்று எண்ணி ஹைதர் படை பின்வாங்கியது. ஸ்மித் அங்கே இல்லை. அவர் பெயருக்கே இவ்வளவு மரியாதை என்று எதிரிக்குத் தெரிந்திருந்தது. கவுன்சில் என்ன செய்தது? ஸ்மித்தை ஆலோசனைக்கு என்று சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, படையை வுட்டிடம் கொடுத்தது.

நவம்பரில் ஹைதர் ஓசூரைச் சூழ்ந்தார். வுட் பாகலூர் வரை வந்து, பெரிய பீரங்கிகள் இரண்டையும் சாமான்களையும் அங்கேயே போட்டுவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஓசூருக்கு ஓடினார். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். இன்றைக்கு அந்தச் சாலையில் சாயங்காலம் மாட்டினால் வுட்டைவிட நீங்கள் தாமதமாகத்தான் போவீர்கள். விடியும்போது வுட் ஓசூரில் இருந்தார், ஹைதர் பாகலூரில் இருந்தார். பீரங்கியும் சாமானும் போயின. பாகலூர்க் கோட்டைக்குள் ஒண்ட ஓடிவந்த சனங்கள் வாசல் நெரிசலில் சிக்கிச் செத்தார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வுட்டைக் கைது செய்து சென்னைக்கு அழைத்தார்கள்.

டிசம்பரில் ஹைதர் மறுபடி பாராமகாலில் இறங்கினார். இரண்டு வருஷம் பிடித்த கோட்டைகளெல்லாம் சில வாரத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மே மாதச் சூறைக்காற்றில் எங்கள் தோப்பில் மாங்காய் விழுகிற வேகம் அது. அதன் பிறகு ஹைதர் ஒரு காரியம் செய்தார். பெரிய படையையும் பீரங்கிகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, 6,000 குதிரைகளோடு மூன்றரை நாளில் சுமார் 130 மைல் ஓடி, 1769 மார்ச் 29 அன்று பரங்கிமலையில் போய் நின்றார். புயலைத் தேடி இரண்டு வருஷம் அலைந்த கம்பெனியார், கோட்டைச் சுவர் மேலிருந்தே அதைச் சௌகரியமாகப் பார்த்தார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒப்பந்தம். அவரவர் பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுக்க வேண்டும், யார் மேல் எவன் படையெடுத்தாலும் மற்றவர் உதவிக்கு வர வேண்டும். கையெழுத்தான பிறகு கோட்டை வாசலில் ஹைதர் ஒரு கேலிச்சித்திரம் ஒட்டச் சொன்னதாகவும், அதில் கவுன்சில்காரர் ஒருவரின் மூக்கு யானைத் துதிக்கையாக நீண்டு, ஹைதர் அதைப் பிடித்து உலுக்க அதிலிருந்து தங்கக் காசு கொட்டுவதாகவும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரர் கிளப்பிய கதை; ஆங்கிலேயரைப் பற்றி அவர்கள் சொல்வதைப் பாதிக்குப் பாதி கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் மட்டும் நிஜம். மராத்தியர் ஹைதர் மேல் பாய்ந்தபோது கம்பெனி உதவிக்கு வராததும் நிஜம். 1780-ல் அதற்கு வட்டியோடு வாங்கிக்கொள்ள ஹைதர் மறுபடி கணவாய் இறங்கினார். பத்து லட்சமும் சேர்த்துச் சும்மா வந்திருக்க வேண்டிய பாராமகால் கம்பெனிக்குக் கிடைத்தது 1792-ல், ஹைதர் செத்துப் பத்து வருஷம் கழித்து.

இதைப் படித்துவிட்டு நிஜப் புயலையே பார்க்கிறேன் என்று யாராவது கேமராவோடு கிளம்பினால் ஒரு வார்த்தை. 2024-ல் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறி, வலுவிழந்து, இங்கே வந்து என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. ஆகவே வெளியூர் நண்பர்களே, தம்பிமார்களே, கே.ஆர்.பி. அணையில் ஷட்டர் தூக்கியிருக்கிறார்கள் என்று தண்டோரா போட்டால் தென்பெண்ணைக் கரைக்கு செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். வீட்டில் இருங்கள். அது வரவேண்டும் என்று நினைத்தால் பரங்கிமலை வரைக்கும் தானே வரும்.