அவ்வப்போது நிற்கும் புது வண்டிக்காரர்

சென்னையின் கார் உரிமையாளர்களில் இவர் ஒரு தனி இனம். சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்காதவர். அதற்குள் நடுரோட்டில் வண்டி அணைந்துபோவதற்குப் பழகிவிட்டவர். தினமும் அணைந்தால் ஊரே நம்பும். இவருடைய வண்டியோ தன் இஷ்டத்துக்கு அணைந்து, தன் இஷ்டத்துக்குக் கிளம்பும். கத்திப்பாரா மேம்பால ஏற்றத்தில், மாநகரப் பேருந்து பின்னால் முட்டிக்கொண்டு நிற்கும்போது அணையும். சர்வீஸ் சென்டர் வாசலில் அரை நாள் ஐடிலிங்கில் விட்டாலும் அதற்கு ஒரு தும்மல்கூட வராது.

முதல் தடவை நின்றதுமே பக்கத்து சீட்டிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: "கிளட்ச்சைப் பட்டுனு விட்டிருப்பீங்க." மாடி வீட்டுக்காரர் வண்டி எண்ணைக் கூட்டிப் பார்த்து, எட்டு வருகிறதே என்பார். பெரியம்மா, பூஜையன்று எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்பார். மாமனார் பெட்ரோல் பங்க்கை மாற்றச் சொல்வார். இவற்றில் மாமனார் சொல்வதில்தான் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் எஞ்சின் திணறும்.

சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் எழுதுவது: "சில நேரம் வண்டி நிற்பதாகக் கஸ்டமர் சொல்கிறார்." அந்தக் கடைசி இரண்டு சொற்கள் இவரைத் தூங்கவிடாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுவார்கள். "எரர் எதுவும் காட்டலையே சார்." காட்டாததற்குக் காரணம் உண்டு. சிக்னல் ஒரு கணம் அறுந்து உடனே சேர்ந்துகொண்டால், கம்ப்யூட்டர் அதைக் கோளாறாகப் பதியாமலே விடலாம். கிராங்க் சென்சார் பழுதென்றால் இன்னும் வேடிக்கை. சூட்டில் வேலைநிறுத்தம் செய்யும். ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும். மெக்கானிக் பார்ப்பது எப்போதும் அந்த நல்ல பிள்ளையைத்தான். வாட்டர் வாஷ் செய்து, ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

இனி இவர் சாட்சியம் சேர்க்கத் தொடங்குவார். மனைவியிடம் செல்போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்வார். கேமரா ஓடும்வரை வண்டி வெண்ணெயாக ஓடும். உருப்படியாக மிஞ்சுவது டைரிதான்: ஏ.சி. போட்டிருந்ததா, டேங்க்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது. ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்ததா, திணறித் திணறி இறங்கியதா என்பதையும் எழுதுவார். சட்டென்று விழுந்தால் சென்சார் மீது சந்தேகம். திணறினால் பெட்ரோல் பம்ப் மீது. இந்த ஒரு வரிக்காகவே அந்த டைரியை மெக்கானிக் படிக்கலாம். படிப்பதில்லை.

அடுத்தது சட்டம். குறையுள்ள புதுக் காருக்கென்றே தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கதி. இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் செய்யலாம். ஆய்வுக்கூடத்திலும் வண்டி ஒழுங்காக ஓடித் தொலைத்தால் என்ன செய்வது என்பதே இவர் கவலை. ஆனாலும் ஜாப் கார்டு நகல்களைத் தேதிவாரியாகக் கோத்துக் கம்பெனிக்கு நோட்டீஸ் விடுவார்.

லேப்டாப்போடு ஒரு எஞ்சினியர் வந்து தானே ஓட்டிப் பார்ப்பார். ஜி.எஸ்.டி. சாலையில், உச்சி வெயிலில், எஞ்சினியர் கையில் வண்டி அணையும். பின்னாலிருந்து அத்தனை ஹாரன்களும் அலறும். அந்தச் சாலையில் அப்போது சிரிக்கும் ஒரே மனிதர் இவர்தான்.

விரல் நீள சென்சார் ஒன்றை வாரண்டியில் இலவசமாக மாற்றுவார்கள். அதன்பிறகு வண்டி நிற்காது. இவரோ கத்திப்பாராவைச் சுற்றிக்கொண்டே போவார், காசு கட்டி வாரண்டியை நீட்டித்துக்கொள்வார், டைரியில் "இன்றும் நிற்கவில்லை" என்று எழுதி வருவார்.