கம்பஸ் காட்டப்போகும் தம்பி தங்கைமாருக்கு

முதலில் ஒரு உண்மையை விழுங்கிக்கொள்ளுங்கள். திருகோணமலைக்கு வருகிற எந்தக் குடும்பமும் உங்களைப் பார்க்க வருவதில்லை. விடியற்காலையில் வான் பிடித்து வந்து, கோணேசர் மலையில் அர்ச்சனை முடித்து, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, கோட்டைப் பக்கம் திரியும் மானுக்கு வாழைப்பழத் தோல் நீட்டி, "பின்னேரம் கன்னியா. அதுக்கிடையில கம்பஸையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம்" என்று புல்மோட்டை வீதியில் ஏறுகிறார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றுக்கும் புறாத்தீவுக்கும் நடுவில் கிடைத்த இடைவேளை நீங்கள். நெற்றியில் திருநீறும் கையில் பாதித் தேங்காயுமாக இறங்குகிறவரிடம் பாடத்திட்டம் பேச வேண்டும். தயாராக இருங்கள்.

அமெரிக்காவில் இந்த வேலை செய்யும் மாணவர்கள் பின்பக்கமாக நடந்தபடியே கட்டடங்களைக் காட்டுவார்களாம். யூடியூப்பில் பார்த்துவிட்டு நானும் ஒரு நாள் அப்படி நடந்தேன். "இடது கைப் பக்கம் பிரயோக விஞ்ஞான பீடம்" என்று கையை நீட்டிய நேரம் முதுகில் ஏதோ வெதுவெதுப்பாக முட்டியது. பசு. அது நகரவில்லை, அசைபோடுவதையும் நிறுத்தவில்லை. பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மம்மா, "பாத்து நட மோனே, மாடு பாவம்" என்றார். எங்கள் பக்கத்தில் முன்னுக்குப் பார்த்து நடப்பதே நல்லது.

அடுத்தது பூகோளம். "இது கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர திருகோணமலை வளாகம்" என்று நீங்கள் வாய் மூடுமுன் ஒரு மாமா, "அப்ப படிக்க மட்டக்களப்புக்குப் போகவேணுமோ?" என்பார். தாய்வீடு வந்தாறுமூலையில் இருக்கிறது, 1981-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986-இல் பல்கலைக்கழகமாகியது, இங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல், நாங்கள் இருப்பது நிலாவெளி கோணேசபுரி என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அங்கே போகும் வழியில் வரும் கிண்ணியாப் பாலத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. 2009-இல் பாலம் திறக்க முந்தி அந்தத் துறையை மிதவைப் பாதையில் கடந்த கதை எல்லா மாமாவிடமும் ஒன்று இருக்கும். பாதை அக்கரை சேர அரை மணி போய்விடும்.

"துறைமுகம் எங்க?" என்றும் கேட்பார்கள். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நகரத்தோடு இருக்கிறது, இங்கே தெரிவது திறந்த கடல். இதற்குமேல் அறிவைக் காட்டாதீர்கள். ஒருமுறை நான் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் போட்ட குண்டு என்று வெளுத்து வாங்கினேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பா மகளிடம் திரும்பி, "இங்க சரித்திரம்தான் படிப்பிக்கினமாம். கொம்பியூட்டர் இல்லையாம், வா போவம்" என்றார். கொம்பியூட்டர் பாடத்துக்கு நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபது அடி.

படிக்க வரப்போகிற பிள்ளை ஒன்றும் கேட்காது. அது போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கேட்கிறவர் அம்மா. தண்ணி உப்போ, நல்லமோ? போர்டிங் எடுத்தால் வீட்டுக்காரர் எப்படி? வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் எத்தனை மணிக்கு வீடு? இவற்றுக்குப் பதில் தெரியாமல் பீடங்களின் பெயரை ஒப்புவித்துப் பயனில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பகிடிவதை இருக்கோ தம்பி?" இந்த இடத்தில் சிரித்துவிடாதீர்கள். 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்லுங்கள், மறியல் வரைக்கும் போகும் என்று சொல்லுங்கள். நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் கூட்டாளி தூரத்திலிருந்து "டேய் கொத்து!" என்று கத்தினான். ஒரே இருப்பில் மூன்று கொத்துரொட்டி சாப்பிட்டதால் வந்த பட்டம் அது. அம்மா நம்பவில்லை. "பாவம், என்ன செய்தவங்களோ" என்று என் தலையைத் தடவிவிட்டார்.

சித்த மருத்துவப் பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். இலங்கையில் இந்தப் பட்டத்துக்கு யாழ்ப்பாணத்தை விட்டால் திருகோணமலைதான், ஆகவே பெருமையோடு முதலில் காட்டத் தோன்றும். வேண்டாம். ஒருமுறை இரண்டாம் வருடத் தங்கச்சி ஒருத்தி நாடி பார்க்கும் முறையை விளக்க, வந்த பெரியவரின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். அவ்வளவுதான். அவர் கதிரையில் அமர்ந்து காற்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். "ரெண்டு வருசமா உளைவு பிள்ளை." அவருக்குப் பின்னால் அவர் மனைவி, மனைவிக்குப் பின்னால் வான் சாரதி. "நான் இன்னும் படிச்சு முடிக்கேல்ல ஐயா" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சாரதிக்குப் பசியின்மை. அன்று கன்னியாவுக்கு ஒருவரும் போகவில்லை.

இனி ஒரு இரகசியம். நீங்கள் எவ்வளவு நன்றாகக் காட்டினாலும் அது யாரையும் இங்கே கொண்டுவராது. மற்ற நாடுகளில் பிள்ளை பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தெரிவு செய்யலாம். இங்கே பிள்ளை விருப்ப வரிசையை எழுதிக் கொடுக்கும், இஸட் புள்ளி முடிவு செய்யும். பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்கு, மிச்சம் ஐந்து திருகோணமலையும் அடங்கிய பதினாறு பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நாலாவது தசமத்தில் ஒரு இலக்கம் கூடினால் வேறு ஊர், வேறு கடல். நானே இந்த இடத்தைப் பார்க்காமல் வந்தவன். வரிசையில் பதினோராவதாகவோ பன்னிரண்டாவதாகவோ எழுதியிருந்தேன். கடிதம் வந்த அன்று அம்மா, "திருமலையில மான் தெருவில திரியுமாம்" என்று மட்டும் சொன்னார்.

அதனால் யாரையும் பிடித்து இழுக்கத் தேவையில்லை. போனைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை வான் புறப்படும் நேரத்தில் கிட்ட வந்து மெதுவாக, "அண்ணா, நீங்க விரும்பியே வந்தனீங்க?" என்று கேட்கும். எல்லாப் பிள்ளையும் கேட்பதில்லை, பத்தில் ஒன்று. அதற்கு மட்டும் பொய் சொல்லாதீர்கள். "விரும்பி வரேல்ல. இப்ப லீவுக்கு வீட்ட போனா மூண்டாம் நாளே திரும்பிவரச் சொல்லுது" என்பது என் பதில். உங்கள் பதில் வேறாக இருக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். விண்ணப்பம் நிரப்ப முந்தி ஒருநாள் வாருங்கள், கோயில் கும்பிட்டுவிட்டே வாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் பத்து மணிக்கு முன் வந்துவிடுங்கள், வெயில் தாங்காது. சப்பாத்து வேண்டாம், செருப்பு போதும். முழங்கால் உளைவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.