குறிச்சொல் வடிகட்டலில் எண்ணும்மையின் துரோகம்: ஒரு சமையல் நோட்டை முன்வைத்து

சாப்பாட்டுக் கடையில் "சாம்பாரும் ரசமும் கொடுங்க" என்றால் இரண்டு கிண்ணம் வரும். இணையச் செயலியில் 'சாம்பார்', 'ரசம்' என்ற இரண்டு குறிச்சொற்களையும் சொடுக்கினால் ஒன்றும் வராது. அந்தக் கிண்ணங்கள் எங்கே போயின என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வுக்குரிய தரவு அம்மாவின் சமையல் நோட்டு. அதைத் தரவுத்தளமாக்கி, ஒவ்வொரு குறிப்பின் கீழும் சொடுக்கக்கூடிய சொற்களை ஒட்டியவன் இவ்வாய்வாளன். கள ஆய்வில் பங்கேற்றவர் ஒரே ஒருவர், அவரும் அம்மாவே. மாதிரியின் அளவு போதாது என்று கருதும் அறிஞர்கள் அதை அவரிடமே நேரில் சொல்லிப் பார்க்கலாம்.

குறிச்சொல் இடும் துறையின் தோற்றத்தை ஜோஷுவா ஷாக்டர் 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ் தளத்திலிருந்து கணக்கிடுவோர் உண்டு. அகநானூற்றைப் புரட்டாதவர்கள். அந்த நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிந்தால் குறிஞ்சி, நான்கில் முல்லை, ஆறில் மருதம், பத்து இருபது என்று வந்தால் நெய்தல். பாட்டைப் படிக்கவே வேண்டாம்; எண்ணைப் பத்தால் வகுத்து மீதியைப் பார்த்தால் திணை தெரிந்துவிடும். ஓலையைச் சொடுக்க முடியாது என்ற ஒரே குறைதான். ஒரு பாட்டுக்கு ஒரு திணை என்று நிறுத்திக்கொண்டதால் தொகுத்த உருத்திரசன்மருக்கு எண்ணும்மைத் தொல்லையும் இல்லை. தொல்காப்பியரோ திணைமயக்கம் என்று ஒன்றை முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறார். விருந்தாளிகள் எதிர்பாராமல் கூடிவிட்ட நாளில் எங்கள் வீட்டுச் சாம்பார் அந்த வகை.

முதற்பதிப்பில் குறிச்சொற்களை ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடுக்கி, 'இந்த எழுத்துகள் உள்ளே எங்காவது வருகின்றனவா' என்று தேடச் சொல்லியிருந்தேன். சோம்பேறியின் வழி. 'காய்' என்பதைச் சொடுக்கினால் மிளகாய் வந்தது, ஊறுகாய் வந்தது, 'காய்ச்சல்' என்று குறியிட்டிருந்த நொய்க்கஞ்சியும் வந்தது. பிறகு முறைப்படி மூன்று அட்டவணைகள் போட்டேன்: குறிப்புகளுக்கு ஒன்று, குறிச்சொற்களுக்கு ஒன்று, எதற்கு எது என்று எண்களை மட்டும் இணை இணையாக வைத்திருக்கும் தரகர் ஒன்று. காய்ச்சல் தணிந்தது.

அடுத்து, திரையில் 'கொத்தமல்லி' இரண்டு முறை நின்றது. யுனிகோடில் 'கொ'வை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேமிக்கும் முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்பது நூல்வழக்கு. ஆனால் பங்கேற்பாளர் அதற்குள் இடப்பக்கம் இருப்பது தழை, வலப்பக்கம் இருப்பது விதை என்று முடிவுகட்டி, அதன்படியே புதுக் குறிப்புகளைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் இரண்டையும் ஒன்றாக்கிய அன்று ஒரு நல்ல பகுப்புமுறை அழிந்தது.

இனி எண்ணும்மை. ஒரு நாள் அவர் 'வெண்டைக்காய்', 'கத்தரிக்காய்' இரண்டையும் சொடுக்கினார். 'பதிவு எதுவும் இல்லை' என்றது செயலி.

"ஏண்டா, ரெண்டும் ஃபிரிட்ஜ்ல இருக்குன்னுதானே சொன்னேன்?"

அவர் இருப்பைச் சொன்னார். இயந்திரம் நிபந்தனை என்று எடுத்துக்கொண்டது. பேச்சில் நாம் போடும் 'உம்' பெரும்பாலும் சேர்ப்பு: சொல்லச் சொல்லப் பட்டியல் நீளும். ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதிய நூலின் வழிவந்த 'உம்' வெட்டு: கேட்கக் கேட்கக் குறையும். சொடுக்கிய சொற்கள் இரண்டென்றால், தரகரிடம் அந்த இரண்டோடும் பதிந்த குறிப்பு மட்டுமே தப்பும். சரி, 'உம்'மை எடுத்துவிட்டு 'ஆவது' போட்டேன். வெண்டைக்காயாவது கத்தரிக்காயாவது என்றதும் அம்மாவுக்குத் திருப்தி. மறுநாள் 'புளி', 'சீக்கிரம் ஆகும்' இரண்டையும் அழுத்தினார். அரை நாள் இழுக்கும் புளிக்காய்ச்சலும் வந்தது. இரண்டு நிமிடத்து டீயும் வந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்கச் சீர்காழிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே 1892-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். புத்தகத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களாகப் பார்த்து, பின் பூட்டுவது அவர் வழி. லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ விளையாட்டுத் துண்டுகள் தந்த யோசனை. (கடைசி இரண்டும் தொல்காப்பியரின் முதற்பொருள்தானே என்று கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.) ரங்கநாதனை அடுக்களைக்கு அழைத்தால் விடை எளிது. காய் ஒரு முகம், நேரம் ஒரு முகம், புளிப்பு ஒரு முகம். ஒரே முகத்துக்குள் 'ஆவது'. முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே 'உம்'. பெரிய கடைகளின் தளங்களில் நிறம், அளவு என்று வடிகட்டும்போது நடப்பதும் இதுதான். நிறம் சிவப்பாவது நீலமாவது இருக்கலாம்; அளவும் பொருந்த வேண்டும்.

ஆய்வு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பங்கேற்பாளர் மிக அதிகமாகச் சொடுக்கும் குறிச்சொல் அவரே உண்டாக்கிய 'அப்பாவுக்கு ஆகாது'. அவருக்கு வேண்டியதோ அதன் நிரப்புக் கணம். செயலியில் 'அல்லாதவை' என்றொரு பொத்தான் இல்லை. வைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். தினமும் காலையில் அதைச் சொடுக்கி, வரும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படிக்கிறார். பிறகு செயலியை மூடிவிட்டு, அதில் இல்லாத எதையோ சமைக்கிறார்.