தராசுக்குத் தெரியும் கண்

குறைமாதக் குழந்தையின் கண் நோயை எடை காட்டிக்கொடுக்குமாமே! இனி கண் டாக்டருக்குப் பதில் மளிகைக் கடைக்குப் போகலாமா?

வேண்டாம். கண் டாக்டர் வருவதற்குள் வார்டில் இருக்கும் தராசே பேசிவிடுகிறது! உடலை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற புரதம்தான் விழித்திரையின் ரத்தக் குழாய்களும் வளர உதவுகிறது. முன்னதாகப் பிறந்த சிசுவுக்கு அது குறைகிறது. எடையும் ஏறாது, குழாய்களும் பாதியில் நின்றுவிடும். சில வாரங்களில் அவை தாறுமாறாக முளைக்கும். முற்றினால் விழித்திரையையே பிய்த்துவிடும்.

ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஆன் ஹெல்ஸ்ட்ரோம் குழுவினர், வாராவாரம் எடுக்கும் எடையை வைத்தே ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் 'வின்ராப்' என்ற கணக்கை உருவாக்கினார்கள். அமெரிக்கா, கனடாவில் 29 மருத்துவமனைகளின் 7,483 குழந்தைகளை வைத்து 2018-இல் வெளியான 'ஜி-ராப்' ஆய்வு, கிராம் கணக்கே கொடுத்தது. பிறந்த 10 முதல் 19-ஆம் நாளுக்குள் 120 கிராம்கூட ஏறவில்லையா? கண்ணைப் பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் மளமளவென்று எடை ஏறினால் பயமில்லையே?

ஏறியது சதையா, நீரா? மூளையில் நீர் கோத்தாலும் எடை கூடும். அந்தக் குழந்தைகளுக்கு எடை எப்படியிருந்தாலும் பரிசோதனை உண்டு என்கிறது 'ஜி-ராப்'.

இந்தியாவில் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருகிறது. அதனால் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறந்த எடை 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ, தராசு என்ன சொன்னாலும் 30 நாளுக்குள் கண்ணைக் காட்டிவிடுங்கள்.