அறுபத்து நாலு பேருக்கு ஒரு சர்க்கார்

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் லவிங் கவுண்டி என்று ஒன்று. பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 64 பேர். ஒரு கல்யாணத்தின் முதல் பந்திக்கே காணாது. ஆனாலும் சர்க்கார் முழுசாக வேண்டுமே! கவுண்டி நீதிபதி, நான்கு கமிஷனர்கள், ஷெரிப், கிளார்க், பொருளாளர் என்று எல்லாரும் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும். வேட்பாளர்களைக் கழித்தால் வாக்காளர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கேட்பது அநாகரிகம்.

நீதிபதிக்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. மாநிலச் சட்டத்தை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதோடு டெக்ஸஸ் அரசமைப்பு நிறுத்திக்கொள்கிறது. அறிந்தவர்தானா என்பதை மாட்டுப் பண்ணைக்காரரும் எண்ணெய்க் கிணற்றுக்காரரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். மக்கள்தொகை 10,000-க்குக் கீழே என்றால் பொதுவாக ஷெரிப்பே வரியும் வசூலிப்பார். இடுப்பில் துப்பாக்கியோடு வருபவரிடம் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பிரசாரம்தான் பெரும்பாடு. முகம் தெரியாத வேட்பாளர் என்ற சலுகை இத்தகைய ஊர்களில் யாருக்கும் கிடையாது. சாலை போடுவேன் என்று ஆரம்பித்தால், "அதிருக்கட்டும், உங்க அப்பா நகர்த்தி நட்ட வேலியை எப்போ எடுக்கப் போறீங்க?" என்று கேள்வி வரும். ஓட்டு ரகசியம்தான், ஆனால் எண்ணி முடித்ததும் கவிழ்த்தது யார் என்று விரல்விட்டே கண்டுபிடித்துவிடலாம். சமமாக வந்து, இருவரும் சம்மதித்தால் சீட்டுக் குலுக்கவும் வழியிருக்கிறது. குலுக்கலில் தோற்றவருக்கு ஒரு வசதி: சொந்த மச்சினன்மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.