பத்மநாபன் கேட்டுவிட்டுத்தான் கடக்கிறார்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வருஷத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் ரன்வேயை மூடிவிடுவார்கள். பத்மநாப சுவாமி குளிக்கப் போகிறார். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டு. கோட்டையிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்கு அவர் காலங்காலமாகப் போய்வந்த வழி. 1932-ல் அந்த வழியின் குறுக்கே ஓர் ஏரோடிரோம் வந்து உட்கார்ந்தது. சுவாமி அசரவில்லை. ஏரோடிரோம்தான் இன்றுவரை ஒதுங்கி வழிவிடுகிறது. இன்ன தேதியில் இத்தனை மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது என்று பைலட்டுகளுக்கு 'நோட்டாம்' என்கிற அறிவிப்பு முன்கூட்டியே போய்விடும். திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துப் பெரியவர் வாளேந்தி நடக்க, கருட வாகனத்தில் சுவாமி ரன்வேயைக் கடப்பார். இதுவரை அவர் வழி தவறி டாக்ஸிவேயில் நுழைந்ததாகப் புகார் இல்லை.

இத்தனை ஒழுங்கான ஊரிலிருந்துதான் 2018 செப்டம்பர் 7 அன்று ஏர் இந்தியா 263 மாலேவுக்குக் கிளம்பியது. ஏர்பஸ் ஏ320 நியோ, உள்ளே 130-க்கும் மேற்பட்டவர்கள். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு டெல்லியைவிட மாலே பக்கம். கடலைத் தாண்டினால் தீவு, தீவு முழுக்க விமான நிலையம். வேறெங்கும் இறங்க இடமே இல்லாத ஊரில் தப்பான இடத்தில் இறங்க முடியுமா? முடியும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. மாலே விமான நிலையத்தை 2010-ல் ஜி.எம்.ஆர். என்ற நம்மூர் கம்பெனி 25 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 2012-லேயே மாலத்தீவு அரசு, "போதும், கிளம்புங்கள்" என்றது. வழக்கு சிங்கப்பூர் வரை போனது. பிறகு சீனக் கம்பெனி வந்தது. பழைய ரன்வேக்குப் பக்கத்திலேயே 3,400 மீட்டரில் புதிதாக ஒன்று போட ஆரம்பித்தது. வேலை முடிகிற தறுவாயில், ஆட்களும் சாமான்களும் இன்னும் கிடந்த நேரத்தில், நம் விமானம் வந்தது. டவர் பழைய ரன்வேயில் இறங்கச் சொன்னது. விமானம் பட்டப்பகலில் புதியதில் போய் இறங்கியது. இரண்டு டயர் காலி. சக்கரத்தில் தார்ப்பாய் சுற்றிக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இந்தியர்களை அனுப்பிவிட்டுச் சீனர்கள் போட்ட ரன்வேயில், வேலை முடியும் முன்பே இந்திய அரசு விமானம் கால் பதித்தாயிற்று. நம் வெளியுறவுத் துறை பத்து வருஷம் கோப்பு தள்ளியிருந்தாலும் இது நடந்திருக்காது. நன்றி தெரிவிப்பதற்குப் பதில் இரண்டு பைலட்டுகளையும் வேலையிலிருந்து இறக்கி உட்கார வைத்தார்கள்.

பைலட்டுகளைக் கிண்டல் செய்வது சுலபம். இறங்குமுன் கடைசிப் பத்து நிமிஷம் காக்பிட்டில் உட்கார்ந்து பார்த்தால் வாய் அடங்கிவிடும். வேகத்தைக் குறை, ஃபிளாப்பை இறக்கு, சக்கரத்தை இறக்கு, செக்லிஸ்ட் படி, டவருக்குப் பதில் சொல், காற்றைக் கவனி. இதற்கு நடுவே 'அது ரன்வேதானா' என்ற கேள்விக்கு மூளை ஏற்கெனவே பதில் எழுதி மடித்து வைத்திருக்கும். ஒரு ரன்வேயை எதிர்பார்க்கிற கண்ணுக்கு முன்னால் புத்தம் புதுத் தார் மின்னினால், கண் வேறெங்கே போகும்?

தப்பான இடத்தில் இறங்குவதில் மும்பை இன்னும் சீனியர். 1953 ஜூலையில் பிரிட்டிஷ் விமானக் கம்பெனி பி.ஓ.ஏ.சி.யின் காமெட், அன்றைக்கு உலகமே வாய்பிளந்த ஜெட், சாந்தாகுரூஸுக்குப் பதில் பக்கத்திலிருந்த குட்டி ஜூஹுவில் இறங்கிவிட்டது. இறங்கியது பெரிசில்லை, அந்தச் சின்ன ஓடுபாதையிலிருந்து அதைக் கிளப்பத்தான் பாரத்தையெல்லாம் இறக்கி, ஒன்பது நாள் தவித்தார்கள். பட்ட பிறகாவது புத்தி வந்ததா? 1972 செப்டம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 அதே ஜூஹுவில் வந்து குந்தியது. அது ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. திரும்பப் பறக்கவே இல்லை.

வேலை அதிகமானால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2009 அக்டோபரில் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் 188 விமானத்தின் இரண்டு பைலட்டுகளும் 37,000 அடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துப் புது டியூட்டி அட்டவணையை அலசிக்கொண்டிருந்தார்கள். இறங்க வேண்டிய மினியாபொலிஸ் கீழே போய், 150 மைல் பின்னாலும் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ரேடியோவில் பேச்சே இல்லை. கடைசியில் பணிப்பெண் இன்டர்காமில் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்று கேட்டார். அமெரிக்கா 2014-ல் காக்பிட்டில் சொந்த லேப்டாப்பை நோண்டத் தடை போட்டது.

அதே 2014 ஆகஸ்டில் மும்பையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போன ஜெட் ஏர்வேஸ் விமானம் துருக்கிக்கு மேலே 5,000 அடி இறங்கிவிட்டது. கேப்டன் விதிப்படி அனுமதித்த குட்டித்தூக்கத்தில் இருந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் டேப்லட்டில் மூழ்கியிருந்தார். சொந்த டேப்லட்டாக இருந்தால் திட்டலாம். அதில் இருந்தது கம்பெனி வேலைதானாம்.