காவலனைக் காத்தல்: கால்வாசி அளவு பேட்மேன் சிலையைத் தரங்காணும் முறை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

ஊரைக் காப்பதற்காக இரவெல்லாம் கூரைமேல் குந்தியிருக்கும் ஒருவனை வீட்டுக்குள் கொண்டுவந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திப் பூட்டிவிட்டால், அவனுடைய மதிப்பு என்ன? இந்தக் கேள்விக்கு முறையான விடை இன்னும் காணப்படவில்லை. சேகரிப்பாளர்கள் நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ‘சூப்பர்’, ‘சுமார்’, ‘படத்தில் பார்த்த மாதிரி இல்லை’ என்ற மூன்று கலைச்சொற்களுக்கு மேல் அவர்களுடைய இலக்கணம் வளரவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்: பேட்மேன், கால்வாசி அளவு, பாலிஸ்டோனில் வார்த்தது. கலிபோர்னியாவின் சைட்ஷோ, டோக்கியோவின் பிரைம் 1 ஸ்டூடியோ, சிங்கப்பூரின் எக்ஸ்எம் ஸ்டூடியோஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய சிலைகளைச் செய்து பேர் வாங்கியவை. விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகும். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் செய்யும் ஆறில் ஒரு பங்கு அளவு உருவங்கள் இவ்வாய்வில் சேரா. அவற்றின் கைகால்களை மடக்கலாம், நீட்டலாம். கையை அசைத்தால் அசைந்து கொடுப்பது பொம்மை; அசைத்ததும் அந்தக் கை நம் கையோடு வந்துவிட்டால் அது சிலை. இங்கே கொள்ளப்படும் வரையறை இதுவே.

இத்துறையில் முன்னோர் மூன்று கட்சியினர். முகமே பிரதானம் என்பர் ஒரு சாரார். எடையே பிரதானம் என்பர் இன்னொரு சாரார். கூரியர்க்காரர் மாடிப்படி ஏறிவரும் சத்தத்தைக் கேட்டே இவர்கள் தரத்தைச் சொல்லிவிடுவர். பெட்டியே பிரதானம் என்பர் மூன்றாம் சாரார். இவர்களில் பலர் தங்கள் சிலையைக் கண்ணால் கண்டதே இல்லை. மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. மூன்றையும் ஒரே விதியின்கீழ் கொண்டுவர முடியும் என்பதே நம் துணிபு.

2. பொருளியல்பும் காதும்

பாலிஸ்டோன் என்பது பிசினில் கல்தூளைக் கலந்து, ரப்பர் அச்சில் ஊற்றி, இறுகியபின் எடுப்பது. தொட்டால் ஜில்லென்று இருக்கும். இடுப்புப் பட்டையின் தையல், பூட்ஸின் சுருக்கம், முன்கையில் புடைத்த நரம்பு எல்லாம் நறுக்கென்று பதியும். பி.வி.சி. உருவங்கள் வெயில்காலத்தில் கணுக்கால் இளகி, சில மாதங்களில் யாருக்கோ வணக்கம் சொல்வதற்காகக் குனியத் தொடங்கும். பாலிஸ்டோனுக்கு அந்தப் பணிவு கிடையாது. அது வளையாது, ஒடியும்.

எங்கே ஒடியும்? பேட்மேனின் உடலில் மிக மெல்லியவையும் மிக உயரத்தில் இருப்பவையும் அந்த இரண்டு காதுகள். ஓவியருக்கு ஓவியர் அவற்றின் நீளம் மாறும். 1986இல் ‘த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ வரைந்த ஃபிராங்க் மில்லர் கட்டைக் காது வைத்தார். 1990களில் வரைந்த கெல்லி ஜோன்ஸ் வைத்த காதுகளோடு எந்த வாசற்படியிலும் தலை நிமிர்ந்து நுழைய முடியாது. கலை விமரிசகர்கள் இதைப் பாணி என்பர். பெட்டியைக் கட்டுபவர்கள் வேறு ஏதாவது சொல்வர். மில்லர் காது லாரியில் குலுங்கி வந்தாலும் பிழைக்கும் என்றும், ஜோன்ஸ் காது தெர்மாகோலிலிருந்து உருவும்போதே கண்டத்தில் இருக்கும் என்றும் கொள்க.

பெட்டி திறக்கும் சேகரிப்பாளரைக் கவனித்தவர்களுக்கு இது தெரிந்ததே. தெர்மாகோலின் மேல்பாதியை இரண்டு கையாலும் மெல்லத் தூக்குவார்; அது கிரீச்சிடும்; வெள்ளை மணிகள் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றுச் சுற்றாக அவிழ்ப்பார். முகத்தை முதலில் பார்க்க மாட்டார். ஆள்காட்டி விரலைக் காது நுனியில் வைத்துத் தடவுவார்: இடது, பிறகு வலது. அதன்பின் சிலையின் பத்து விரல்களையும் எண்ணுவார். அடக்கிவைத்த மூச்சை விடுவது பத்தாவது விரலுக்கு அப்புறம்தான்.

3. எடையும் கல்பூதமும்

காமிக்ஸ் கணக்கில் பேட்மேனின் உயரம் 6 அடி 2 அங்குலம், எடை 210 பவுண்டு. அதாவது 188 செ.மீ., 95 கிலோ. உயரத்தை நான்கால் வகுத்தால் 47 செ.மீ. எடையை நான்கால் வகுப்பவர் கணக்கு அறியாதவர். நீளம், அகலம், கனம் மூன்றுமே கால்வாசியாவதால் 64ஆல் வகுக்க வேண்டும். வருவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கல்தூள் சேர்ந்த பிசின் சதையைவிடக் கனம் என்று தாராளமாக இரட்டித்தாலும் மூன்று கிலோதான். வீட்டுக்கு வரும் சிலையோ சர்வசாதாரணமாக ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. பத்தைத் தாண்டுவதும் உண்டு. உபரி எடை யாருடையது?

கார்காயில் என்னும் கல்பூதத்தினுடையது. ஐரோப்பியத் தேவாலயக் கூரைகளில் மழைநீர் வடிவதற்காக வாய் திறந்து நிற்கும் இந்தப் பூதம், காத்தம் நகரில் பேட்மேன் உட்காரும் ஆசனமாகப் பதவி உயர்வு பெற்றது. சிலை செய்வோர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பீடம் உயர உயர விலையும் உயர்கிறது. கூடவே இடிந்த கோபுரத்தின் ஒரு மூலை, நாலு செங்கல், ஒரு துருப்பிடித்த குழாய். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு காத்தம் நகராட்சியின் கட்டட வேலைக்குப் போகிறது என்று ஐயுற இடமுண்டு.

எடைக் கட்சியார் சிலையை எடைபோடுகிறார்கள், அலமாரியை அளப்பதில்லை. சேகரிப்பாளர் உலகில் பிரசித்தமான ஐக்கியாவின் டெட்டால்ஃப் கண்ணாடி அலமாரியை எடுத்துக்கொள்வோம். உயரம் 163 செ.மீ.; நான்கு தட்டு. ஒரு தட்டுக்குக் கிடைப்பது 40 செ.மீ.க்கும் குறைவு. ஹாட் டாய்ஸ் பேட்மேன், சுமார் 31 செ.மீ., அதற்குள் சௌக்கியமாக நிற்பான். நம்மவன் பீடமே இல்லாவிட்டாலும் நுழைய மாட்டான். ஆகவே ஒரு கண்ணாடித் தட்டைக் கழற்ற வேண்டும். அதில் இருந்தவர்கள் இடம்பெயர வேண்டும். உயர்தரச் சிலை வரும் வீடுகளில் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போகும் நிகழ்வை இவ்விதி விளக்குகிறது.

4. மேலங்கி பற்றிய பூசல்

1939இல் ஓவியர் பாப் கேன் முதலில் வரைந்துகொண்டுவந்த பேட்மேன் உருவத்தில் முதுகில் இருந்தவை விறைத்த வௌவால் இறக்கைகள். அவற்றை மேலங்கியாக மாற்றச் சொன்னவர் எழுத்தாளர் பில் ஃபிங்கர். காமிக்ஸ் வரலாற்றில் இது நல்ல யோசனை என்றே பதிவாகியிருக்கிறது. சிலை வரலாற்றின் பார்வையில், தீராத ஒரு பூசலுக்கு வித்து.

துணி மேலங்கிதான் சிறந்தது என்பார் வாதம்: நிஜத் துணி நிஜமாகத் தொங்கும், விளிம்பில் கம்பி வைத்துத் தைத்திருப்பதால் வேண்டியபடி மடிப்பு வைக்கலாம். மறுப்பார் வாதம்: வைக்கலாம் என்பதே நோய். வாங்கியவர் முதல் நாள் மடிப்பு வைப்பார், மறுநாள் மாற்றி வைப்பார், விருந்தாளி வரும்போது அவசரமாக ஒரு தடவை வைப்பார். எந்நாளும் விளம்பரப் படத்தில் இருந்த மடிப்பு வராது. துணி தூசியையும் ஈர்க்கும். கறுப்புத் துணியில் தூசு தெரிவதுபோல் உலகில் வேறெதிலும் தெரியாது.

வார்த்த மேலங்கிதான் சிறந்தது என்பாருக்கும் இடர் உண்டு. அது ஒரே பக்கமாகப் பறந்தபடி உறைந்திருக்கும். பறக்க வேண்டுமானால் காற்று வேண்டும். கண்ணாடிக் கதவுக்குள் காற்று ஏது? சிலர் கதவைத் திறந்து வைத்து இதைச் சமன்செய்கிறார்கள். உடனே தூசு வருகிறது. இரு கட்சியும் தூசியிலேயே வந்து முடிவதால், மேலங்கியின் தரத்தை அழகால் அன்றி, துடைக்கப் பிடிக்கும் நேரத்தால் அளப்பதே முறை.

5. முகமும் வண்ணமும்

முன்பதிவின்போது காட்டப்படும் படம் மூலச்சிலையின் படம். தேர்ந்த ஓவியர் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து வண்ணம் தீட்டியது அது. நம் வீட்டுக்கு வருவதோ பெரும்பாலும் சீனத் தொழிற்சாலையில் ஒருவர் உதடு, ஒருவர் புருவம், ஒருவர் நிழல் என்று கைமாறிக் கைமாறி வந்தது. இரண்டுக்கும் உள்ள உறவை, பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவுக்கும் நேரில் வந்த மாப்பிள்ளைக்கும் உள்ள உறவாகக் கொள்க.

கோளாறு முதலில் தெரிவது கண்ணில். கருவிழி ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், மாவீரர் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்ப்பார். பேட்மேனுக்கு இந்தத் தோஷம் இல்லை. முகமூடிக்குள் வெறும் வெள்ளைப் பிளவுகள்தான். ஒழுங்காகப் பார்க்க வேண்டிய கடமையே இல்லாத கண்கள். ஆனால் கூடுதல் விலைப் பதிப்பில் கூடுதல் தலை ஒன்று வரும்; அது முகமூடி கழற்றிய புரூஸ் வேயினாக இருந்துவிட்டால் அங்கே கருவிழி உண்டு; தோஷமும் உண்டு. ஆக, அதிகப் பணம் கொடுத்தவருக்கே மாறுகண் அபாயம் அதிகம்.

நிறம் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். கறுப்பு மேலங்கியில் ஒளிபடும் இடத்தைப் பழைய அச்சில் நீலத்தால் காட்டினார்கள்; நாளடைவில் நீலமே நிறமாகிவிட்டது. மார்பில் மஞ்சள் நீள்வட்டம் ஏறியது 1964இல். கால்சட்டைமேல் போட்ட ஜட்டி 2011 உடை மாற்றத்தில் போயிற்று. எனவே ‘நிறம் சரியில்லை’ என்பாரை, ‘எந்த ஆண்டுக்கு?’ என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர் பத்து வயதில் படித்த ஆண்டைச் சொல்வார்.

6. எண்ணும் பெட்டியும்

இச்சிலைகள் எண்ணிக்கை வரையறுத்துச் செய்யப்படுவன. இத்தனையில் இத்தனையாவது என்று பீடத்தின் அடியில் பொறித்திருக்கும். ஒரே அச்சு வரிசையில் வந்திருந்தாலும் சிறிய எண்ணுக்கு மவுசு அதிகம். இந்தப் பெருமையைக் கண்ணால் காண வேண்டுமானால் பத்துக் கிலோச் சிலையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். முதலில் தரையைத் தொடுவது காதுகள். எனவே வாங்கிய நாளுக்குப் பிறகு அந்த எண்ணைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரே சாட்சி அலமாரியின் தட்டு.

பெட்டி இன்னும் நுட்பமானது. வண்ணப் பெட்டி உள்ளே. அதைக் காக்கப் பழுப்புப் பெட்டி வெளியே. மறுவிற்பனையில் இரண்டையும் கேட்பார்கள். பழுப்புப் பெட்டி கிழியாமல் இருக்கிறதா என்று விசாரிப்போரும் உண்டு. ஆகையால் சிலை ஓர் இடத்தை அடைத்துக்கொள்ள, அதன் வெற்றுப் பெட்டி அதைவிடப் பெரிய இடத்தைப் பரண்மேல் அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்காரர்கள் இதை எதிர்க்கிறார்கள். அவர்களுக்கு இத்துறையில் பயிற்சி இல்லை என்பதே பொதுவான பதில்.

7. தேற்றம்

மேற்கண்ட தரவுகளைத் தொகுத்தால் கிடைக்கும் விதி இது: ஒரு மாவீரனின் விலை, அவனுக்கு நாம் கொடுக்க வேண்டிய பாதுகாப்புக்கு நேர் விகிதத்தில் இருக்கும்.

சான்று: பேட்மேன் அறிமுகமான ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழ் 1939இல் பத்து சென்ட். சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம். 2010இல் அதே இதழின் ஒரு பிரதி ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போது அது தர எண் குத்திய பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிடப்பட்டிருந்தது. படிக்க முடிந்த காலத்தில் பத்து சென்ட். படிக்க முடியாமல் போனபின் பத்து லட்சம். இடைப்பட்ட கண்ணிகளும் இவ்வாறே. தரையில் வீசி எறியத்தக்க பிளாஸ்டிக் பேட்மேன் மலிவு. விரல் படக்கூடாத பாலிஸ்டோன் பேட்மேன் விலை அதிகம்.

வெட்டவெளியில் மழையில் நிற்கும் சிலைகள் இல்லையா என்று தடை எழுப்பலாம். உண்டு. இல்லினாய் மாநிலத்தில் மெட்ரோபோலிஸ் என்றொரு சிற்றூர். சூப்பர்மேனின் சொந்த ஊர் என்று 1972இல் அறிவித்துக்கொண்டது. 1986இல் அங்கே ஏழடிக் கண்ணாடியிழைச் சிலை ஒன்று வைத்தார்கள். குண்டு துளைக்குமா என்று அறிய விரும்பியவர்கள் சுட்டுப் பார்த்தார்கள் என்பது ஊர் வழக்கு. மதிப்பீட்டு முறைகளில் இதைவிட நேரடியானது வேறில்லை. முடிவு சிலைக்குச் சாதகமாக இல்லை. 1993இல் பதினைந்தடி வெண்கலச் சிலை வந்தது, இன்றும் நிற்கிறது. ஆனால் அதற்குப் பெட்டி இல்லை, மாற்றுத் தலை இல்லை, பதிப்பு எண் இல்லை. யார் வேண்டுமானாலும் காலடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். எனவே சேகரிப்புச் சந்தையில் அது ஒரு பொருட்டன்று. தடை விதியை உறுதிசெய்கிறது.

8. தரப்பகுப்பு

விதியின்படி மூன்று தரம். காது ஒட்டுப்போட்டு, மேலங்கியில் தூசு படிந்து, குழந்தை ஒரு தடவை கட்டிப்பிடித்தது அதமம். சிலை நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லத் தகுந்தது இது ஒன்றே. பூட்டிய கண்ணாடிக்குள் நிற்பது மத்திமம். பழுப்புப் பெட்டியின் டேப் கூடப் பிரியாதது உத்தமம். உத்தமத்தின் முகம், கண், காது, எண் எதையும் எவரும் பார்த்ததில்லை. மதிப்பிடத் திறந்தால் அது மத்திமமாகிவிடும். உச்ச விலை அதற்கே.

இனிச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கி: மூன்று தரத்துச் சிலைகளையும் ஒரே உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பது. அதமச் சிலை தருவதற்குக்கூட எவரும் முன்வராததால், அது பின்வரும் ஆய்வாளருக்கு விடப்படுகிறது.